எதிர்க்கரைக்குப் பேர் வைத்த கதை

நெடும்பாடு என்ற ஊரின் கடலுக்குள் அந்த நிலம் எழுந்து வந்த அன்றைக்குக் கரையில் பெண்கள் சாளை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நிலமும் பெரிய சத்தமோ அலையோ இல்லாமல், குளித்து முடித்த எருமை கரையேறுகிற மாதிரி நிதானமாகத்தான் ஏறி வந்தது, நீர் வடிய வடிய முதலில் கறுப்பாகவும் பிறகு செம்மண் நிறமாகவும் தெரிந்த அந்தத் தரையைப் பெண்கள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், இனிமேல் கிழக்கேயிருந்து வருகிற கொண்டல் காற்று முன்னே மாதிரி அடிக்காது, கருவாடு காய ஒரு நாள் கூடப் பிடிக்கும் என்று ஒருத்தி சொன்னாள், ஆமாம் என்றார்கள் மற்றவர்கள், மறுபடி குனிந்து உப்பைப் போட்டார்கள்.

ஊருக்கு அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. வள்ளத்தில் அதைச் சுற்றி வந்தால் ஓர் உலைச் சோறு வெந்து வடிக்கிற நேரம்தான் ஆனது, ஆனால் இறங்கி உள்ளே நடந்தால் முடிவே கிடையாது, போகப் போகத் தரை போய்க்கொண்டே இருந்தது, குன்று வந்தது, குன்றுக்கு அப்பால் புல் வந்தது, புல்லுக்கு அப்பால் இன்னொரு குன்று வந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு போனவர்கள், ஊரில் உள்ள கயிறு முழுவதையும் முடிந்து கட்டியும் அக்கரை வரவில்லை என்றும், கடல் சத்தம் காதில் விழாமல் போனதும் நெஞ்சு பதறித் திரும்பிவிட்டோம் என்றும் சொன்னார்கள். சரி, உள்ளே போக வேண்டாம், ஓரத்தை வைத்துக்கொள்வோம் என்று ஊர் முடிவு செய்தது. ஓரத்தில் வலை காயப் போட்டார்கள், ஆடு மேய்த்தார்கள், கல்யாணமான புது ஜோடிகள் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், அது பாட்டுக்கு அது இருந்தது.

இருந்ததைச் சும்மா இருக்க விட்டார்களா நம் ஆம்பிளைகள்? அதுதான் இல்லை. அந்தக் கடலோரத்து வழக்கப்படி தீவு என்றால் அது கிட்டத்தில் இருக்கிற கரைக்காரனுக்குச் சொந்தம், அதன் சிப்பியும் விறகும் சுற்றியிருக்கிற மீனும் அவனுக்கே. கண்டம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை, கால் வைக்கிறவன் எல்லாம் நடக்கலாம். ஆகவே நெடும்பாட்டார் அதைத் தீவு என்றார்கள், சுற்றி வந்துவிட முடிகிறதே, அப்புறம் என்ன என்று கேட்டார்கள். பக்கத்து ஊரான சங்குமுனைக்காரர்கள் கண்டம் என்றார்கள், நடந்து முடிக்க முடியவில்லையே, அப்புறம் என்ன என்று கேட்டார்கள். கடைசியில் இரண்டு கரையிலிருந்தும் கயிறு பிடித்து அளந்தார்கள், அளந்து பார்த்தால் அது சங்குமுனைக்குத்தான் கொஞ்சம் பக்கம். அன்று சாயங்காலமே நெடும்பாட்டார் கண்டம் என்றார்கள், சங்குமுனையார் தீவு என்றார்கள், அதே ஆட்கள், அதே வாய், முந்தின நாள் எதிராளி சொன்ன நியாயத்தை ஒரு சொல் பிசகாமல் தன் நியாயமாகச் சொன்னார்கள். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. இவர்கள் மாதா கண்டம் என்று பேர் வைக்க வேண்டும் என்றார்கள், அவர்கள் சந்தியாகு தீவு என்று வைக்க வேண்டும் என்றார்கள், பேச்சு முற்றி ஒரு கூட்டத்தில் நாற்காலியும் பறந்தது.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் கஸ்பார் எழுந்து வந்தான். பிரகாசியின் புருஷன், ஊர்க் கமிட்டித் தலைவர் கயத்தானுக்குத் தம்பி, நீளப் பேச்சு என்றாலே எரிச்சல் வருகிற ஆள். வந்தவன் வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்றபடியே பீடியைப் பற்ற வைத்தான்.

"அக்கரைன்னு ஒண்ணு இருந்தா அது தீவு. இல்லன்னா கண்டம். நடந்து பாத்துட்டு வந்து சொல்லிட்டாப் போச்சு, இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?" என்றான்.

"கயித்தக் கட்டிட்டுப் போங்க" என்றாள் பிரகாசி.

"கயிறு முடிஞ்ச எடத்துலதான எல்லாவனும் திரும்பி வந்தானுவ. நீ உலைய வை. வந்துருதேன்."

"அங்க போயும் பீடியத்தான் ஊதப் போறீங்க. இருமி இருமி அந்தத் தரையும் ஒடைஞ்சிரப் போவுது."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று, இருமிக்கொண்டே போனான். அவள் உலை வைத்தாள், சோறு வடித்தாள், மீன் குழம்பு ஆறியது, அவன் வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது அவன் காலடிகள் முதல் குன்றுவரைக்கும் நேராகப் போயிருந்தன, குன்றின்மேல் காற்று அடித்துத் தரையைத் துடைத்துவைத்திருந்தது. அந்த மனுஷனைப் பீடிக்காகத் திட்டி அனுப்பினோமே, கடைசியாகச் சொன்னது அதுதானே என்று பிரகாசி அன்றைக்கு அழுத அழுகையை இங்கே சொல்லி மாளாது.

இப்போது நெடும்பாட்டுக்காரர்களின் கூப்பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலில் ஒருவன் காணாமல் போனால், அவன் குடும்பத்தில் மூத்தவர் அந்தி நேரத்தில் கால் நனைய நின்று, அவன் காணாமல் போன இடத்தின் பேரையும் அவன் பேரையும் சேர்த்துச் சொல்லிக் கரை ஏறி வா என்று மூன்று தரம் கூப்பிடுவார். உயிரோடு இருக்கிறவன் எத்தனை தூரத்தில் கிடந்தாலும் அது அவன் காதில் விழும், நிக்கேன் என்று பதில் சொல்வான், அந்தப் பதிலும் கரைக்கு வந்து சேரும். மூன்றாவதுக்கும் பதில் இல்லை என்றால் அவன் இறந்துவிட்டான், கோயிலில் பூசை வைப்பார்கள், பெண்டாட்டி தாலியைக் கழற்றுவாள். ஆனால் இடத்தின் பேர் சரியாக இருக்க வேண்டும். பேர் பிசகினால் கூப்பாடு பாதியிலேயே தண்ணீரில் விழுந்துவிடும். புதிதாகச் சொன்ன பேருக்குப் பதில் வந்துவிட்டால் அந்தப் பேரே அந்த இடத்துக்கு நிலைத்துவிடும், அந்தக் கடலில் உள்ள பாறைகளுக்கெல்லாம் அப்படித்தான் பேர் வந்தது. ஒருமுறை தப்பான பாறையைச் சொல்லிக் கூப்பிட்டு, மூன்று தரமும் பதில் இல்லாமல் பூசையை வைத்து முடித்த பிறகு, குரூஸ் என்ற ஆள் நடந்தே வந்து சேர்ந்தார். ஊர் அவரை உட்கார வைத்துச் சோறு போட்டது. ஆனால் செத்தவர் செத்தவர்தானே, பேர் சொல்லி ஒருத்தரும் அவரைக் கூப்பிடவில்லை, பெண்டாட்டியும் கூப்பிடவில்லை, அவரும் கொஞ்ச நாளில் ஒரு மூலையில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

கஸ்பாரைக் கூப்பிட முடியாமல் போனது இதனால்தான். அவன் நிற்கிற இடத்துக்குப் பேர் இல்லை. மாதா கண்டம் என்று சொன்னால் சங்குமுனையார் கல்லெடுத்துக்கொண்டு வந்தார்கள், சந்தியாகு தீவு என்று சொன்னால் நெடும்பாட்டார் கடலில் இறங்கிக் குறுக்கே நின்றார்கள். நாள் போனது, மாதம் போனது, பிரகாசி பெண்டாட்டியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் நின்றாள். அந்தியில் பூக்காரி கூடையோடு தெருவில் வருவாள், ஒவ்வொரு வாசலிலும் முழம் போடுவாள், பிரகாசி வாசலுக்கு வந்ததும் நின்று யோசிப்பாள், கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்கும் தெரியாது, பிறகு தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவாள். தினமும் இதே கதைதான். கொடுக்காமல் போவதைக்கூடப் பிரகாசி பொறுத்துக்கொண்டாள், அந்த யோசிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நீ ஒரு பூவ வாங்கித் தலையில வையேன் மைனி, எவ என்ன சொல்லுதாள்னு பாப்போம்" என்றாள் எஸ்கலின். அவள் கஸ்பாருக்குத் தங்கை, வாய்த்துடுக்கு, ஆனால் பிரகாசிக்கு அந்த வீட்டில் ஆறுதல் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"வெச்சபெறகு அவரு செத்துட்டாருன்னு தெரிஞ்சா?"

"வெக்காம இருந்து, உசிரோட இருக்கான்னு தெரிஞ்சா?"

பிரகாசி கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைசியில் இரண்டு ஊரும் சேர்ந்து, பக்கத்து டவுனில் பூகோளம் நடத்துகிற நல்லபெருமாள் வாத்தியாரை ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தார்கள். வலை பின்னுகிற கொட்டகையில் நடுவாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, கண்டமா தீவா என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார் கயத்தான்.

வாத்தியார் டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ஒரே சொல்லுல சொல்ற மாதிரி இருந்தா நான் சொல்லிடுவேன். எங்க பாடப் புத்தகத்துல ஏழு கண்டம். சில நாட்டுல ஆறுன்னு நடத்துறாங்க, சில எடத்துல அஞ்சுங்கிறாங்க. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல கடல் கெடையாது, ஒரு மலையக் காட்டிப் பிரிச்சு வெச்சிருக்கு. அமெரிக்கா ஒண்ணுங்கிறவனும் இருக்கான், ரெண்டுங்கிறவனும் இருக்கான். ஆஸ்திரேலியா கண்டம், அதவிடச் சின்னதா இருக்கிறதால கிரீன்லாந்து தீவு. கோடு எங்க இருக்குன்னு கேட்டா, எல்லாரும் ஒத்துக்கிட்ட எடத்துல இருக்கு. நீங்க ஒத்துக்கிட்டா இங்கயும் இருக்கும்."

"ஒத்துக்க முடிஞ்சா ஒங்கள எதுக்குய்யா கூப்புடுதோம்?" என்றார் சங்குமுனைத் தலைவர் தொம்மை.

கொட்டகை வாசலில் நின்றிருந்த பிரகாசி, பெண்கள் அங்கே பேசுகிற வழக்கம் இல்லை என்பதை மறந்து கேட்டாள். "பேரு யாரு சார் வெப்பா?"

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். "பெரும்பாலும் எதிர்க்கரையில நிக்கிறவங்கதாம்மா. ஆசியாங்கிற பேரக்கூடக் கடலுக்கு அந்தப் பக்கம் நின்னு இதப் பாத்தவங்கதான் முதல்ல சொன்னாங்கன்னு படிச்சிருக்கோம். உள்ள இருக்கிறவனுக்கு அது வெறும் தரை. அவனுக்கு எதுக்குப் பேரு?"

அவள் அதை மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள். ஆம்பிளைகள் அதைக் காதிலேயே வாங்கவில்லை, வாத்தியார் ஒன்றும் தெரியாத ஆள் என்று இரண்டு ஊரும் சொல்லிக்கொண்டன, அவரும் கோபித்துக்கொள்ளாமல், இந்தக் கூத்து எப்படி முடிகிறது என்று பார்க்க அங்கேயே தங்கிவிட்டார்.

வேறு வழி இல்லாமல் திருவுளச் சீட்டுப் போட்டார்கள். இரண்டு பேர்களையும் எழுதிச் சுருட்டிப் பீடத்தில் வைத்து, செபம் சொல்லி, பங்குச் சாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சந்தியாகு தீவு என்று வந்தது. சங்குமுனையார் வெடி போட்டார்கள், நெடும்பாட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆனாலும் சீட்டு சீட்டுதான். அன்று அந்தியிலேயே கஸ்பாருக்குக் கூப்பாடு என்று முடிவானது.

அதைக் கேட்டதும் பிரகாசி கயத்தான் வீட்டுக்கு ஓடினாள்.

"வேண்டாம் அத்தான். அந்தப் பேருதான் முடிவாச்சுன்னு அவருக்குத் தெரியாது."

"ஊரு முடிவு பண்ணியாச்சு பிரகாசி."

"ஊரு பண்ணுன முடிவு அங்க உள்ள மனுசனுக்கு எப்படித் தெரியும்? அவரு ஏத்துக்காத பேரச் சொல்லி மூணு தரம் கூப்ட்டா, இருக்கிற ஆளக் கொன்னுட்டு வந்த மாதிரில்லா ஆயிரும்?"

கயத்தான் கெட்டவர் இல்லை. தம்பி போனதிலிருந்து அவரும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. "எத்தன நாளைக்கு இப்படி நிப்ப? உனக்கும் ஒரு முடிவு வேணும், எனக்கும் வேணும்" என்றார், கண் கலங்கியதை மறைக்கத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். 

அந்தியில் இரண்டு ஊரும் கரையில் கூடின. நெடும்பாட்டார் தெற்கே, சங்குமுனையார் வடக்கே, நடுவில் சாமியாரும் வாத்தியாரும், எதிரே தண்ணீருக்கு அப்பால் வெயில் இறங்கிச் சிவந்து கிடந்த அந்த நிலம். கயத்தான் முழங்கால்வரை இறங்கி நின்று, இரண்டு கையையும் வாய்க்கு அணைவாகக் குவித்துக் கூப்பிட்டார்.

"சந்தியாகு தீவுல நிக்கிற கஸ்பாரே, கரை ஏறி வா."

கூப்பாடு போவதை எல்லோரும் கேட்டார்கள், பாதி தூரம் போய் அது தண்ணீரில் விழுந்ததையும் கேட்டார்கள். பதில் இல்லை. கயத்தான் இரண்டாம் தரம் கூப்பிட்டார், அதுவும் விழுந்தது. மூன்றாம் தரத்துக்கு அவர் மூச்சை இழுத்தபோது பிரகாசி தண்ணீருக்குள் ஓடி வந்து, புருஷனின் அண்ணன் என்றும் பாராமல், அன்றைக்கு முன்னால் அவர் எதிரில் நின்றுகூடப் பேசியிராதவள், தன் கையால் அவர் வாயைப் பொத்தினாள். கரையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அப்படியே அடங்கியது. அந்த அமைதியில்தான் அது கேட்டது.

எதிர் நிலத்தின் உள்ளேயிருந்து, குன்றுகளுக்கும் புல்லுக்கும் அப்பாலிருந்து, பீடியால் கரகரத்துப் போன ஒரு குரல், கால் நனைய நிற்கக் கடல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, முறைப்படி கூப்பிட்டது.

"பிரகாசியில நிக்கிற பிரகாசியே, கரை ஏறி வா."

ஒருத்தருக்கும் ஒன்றும் ஓடவில்லை. முதலில் எஸ்கலினுக்குத்தான் விளங்கியது. "மைனி, அண்ணன் ஒன்னத் தேடுதான். அவனுக்கு நாமதான் காணாமப் போனவங்க" என்றாள், சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

"பிரகாசிலன்னா எதச் சொல்லுதான்?" என்றார் தொம்மை.

"நாம நிக்கிற தரையத்தான்" என்றார் வாத்தியார்.

"எதுவரைக்கும்?"

எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பித் தங்கள் பின்னால் பார்த்தார்கள். நெடும்பாட்டுக் கோயில், சங்குமுனைக் கோயில், பனைமரங்கள், தார்ரோடு, ரோட்டின் கடைசியில் டவுன், அதற்கும் அப்பால் மேற்கே நீலமாகத் தெரிந்த மலை, மலைக்கும் அப்பால் தாங்கள் ஒருநாளும் போகாத ஊர்களெல்லாம் கிடந்தன.

"அங்க இருந்து பாக்கிறவருக்கு இதுக்கும் முடிவு தெரியாதுல்ல. முழுசையும்தான் சொல்றாரு" என்றார் வாத்தியார்.

அப்போது நடந்ததுதான் அதிசயம். நிலம் எழுந்த நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத நெடும்பாடும் சங்குமுனையும் முதல்தரமாக ஒரே வார்த்தையில் நின்றன. பதில் சொல்லக் கூடாது. சொன்னால் பேர் நிலைத்துவிடும். கருவாட்டுக் கூடை தூக்குகிற ஒருத்தியின் பேரில் இத்தனை ஊரும் மலையும் கோயிலும் கிடப்பதா? நம்மைக் கேட்காமல் நமக்குப் பேர் வைக்க அவன் யார்? அவர்கள் கேட்டதையே அந்த நிலம் அவர்களைக் கேட்டிருக்கலாம், ஆனால் அது அவர்களுக்குத் தோன்றவில்லை.

"வாயத் தொறந்துராத பிரகாசி" என்றார் கயத்தான். "ஆயிரம் ஊருக்குப் பேராயிரும்."

இரண்டாவது கூப்பாடு வந்தது. முதல் கூப்பாட்டைவிட அது மெலிந்திருந்தது, நடுவில் ஓர் இடத்தில் குரல் உடைந்து சேர்ந்தது, பதில் வராதோ என்று அந்த மனுஷன் பயப்படுவது கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. இதே மாதிரி எத்தனை அந்தி அங்கே தனியாக நின்று, எந்தெந்தப் பேரையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, எதைச் சொன்னால் அவளிடம் போய்ச் சேரும் என்று தெரியாமல் தவித்துக் கடைசியில் இந்தப் பேருக்கு வந்திருப்பான் என்று பிரகாசி நினைத்தாள். மூன்றாவதுக்கும் பதில் போகவில்லை என்றால் அவனுக்கு அவள் செத்துவிடுவாள். அப்புறம் அவன் எதற்கு இந்தப் பக்கம் நடந்து வரப்போகிறான்?

"ஆயிரம் ஊரக் கூப்பிட ஆயிரம் பேரு இருக்கீங்க அத்தான்" என்றாள் அவள். "என்னக் கூப்பிட அவரு ஒருத்தருதான் இருக்காரு."

இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, மூன்றாவது கூப்பாட்டுக்கு அவன் மூச்சு இழுப்பதற்கு முன்னால், அந்தக் கரை முழுவதும் கேட்க, "நிக்கேன்" என்றாள். அது விழாமல் போனது. தண்ணீரைத் தாண்டி, குன்றைத் தாண்டி, புல்லைத் தாண்டிப் போவதை எல்லோரும் கேட்டார்கள். போனபிறகு அவள் கையைக் குவித்தாள், பெண் கூப்பாடு போடுவது அந்தக் கடலில் அதுவே முதல்தரம்.

"கஸ்பாருல நிக்கிற கஸ்பாரே, கரை ஏறி வா."

ஒருதரம்தான் கூப்பிட்டாள். வெளிச்சம் அடங்கி, பறவைகள் அடங்கி, சாமியார் செபமாலையை எடுத்துவிட்ட நேரத்தில், எங்கேயோ நிலத்தின் வெகு உள்ளேயிருந்து பதில் வந்தது.

"நிக்கேன்."

கயத்தான் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ஈர வேட்டியோடு வந்து, தன் வாயைப் பொத்திய அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதோடு வழக்கு முடிந்தது. பதில் வந்த பேர் நிலைத்த பேர், அதை மாற்றச் சீட்டாலும் முடியாது, சாமியாராலும் முடியாது. பிறகு அரசாங்கத்தார் வந்து அந்த நிலத்தை அளந்து அதற்கு ஒரு நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள், ஊரில் யாரும் அந்த நம்பரைச் சொல்வதில்லை. அது தீவா கண்டமா என்று கேட்டால், அது கஸ்பார் என்பார்கள். இந்தப் பக்கத்துப் பேரைச் சொல்லச் சங்குமுனையாருக்குத்தான் வாய் வராமல் இருந்தது. ஆனால் பனிமூட்டத்தில் வள்ளம் திசை தப்பினால், அவர்களும் பக்கத்து வள்ளத்தைப் பார்த்து, பிரகாசி எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் செய்கிறார்கள், கேட்டுவிட்டுக் கரை சேர்கிறார்கள்.

கஸ்பார் இன்னும் வந்து சேரவில்லை. உள்ளே தூரம் அப்படி. வழி தெரியாமல் சுற்றியவனுக்கு அவள் குரல்தான் இப்போது திசை, ஆகவே பிரகாசி ஒவ்வோர் அந்தியிலும் தண்ணீரில் இறங்கி ஒருதரம் கூப்பிடுகிறாள், அவன் நிக்கேன் என்கிறான், நேற்றைக்கு வந்ததைவிட இன்றைக்கு வந்த சத்தம் ஒரு நடை பக்கமாக இருக்கிறது. பூக்காரி இப்போது யோசிப்பதில்லை, வந்தவுடன் முழம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதை பேசிவிட்டுப் போகிறாள். போன வெள்ளிக்கிழமை பிரகாசி கூப்பிட்டு, பதிலும் வந்து, அவள் கரையேறத் திரும்பியபோது, பதிலுக்குப் பின்னால் வேறொன்றும் கேட்டது, நின்று காதைக் கொடுத்தாள்.

"என்ன மைனி?" என்றாள் எஸ்கலின்.

"இருமுதாரு" என்றாள் பிரகாசி. "இன்னும் அந்த எழவெடுத்த பீடிய விடல." சொல்லிவிட்டு, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, ஈரச் சேலையோடு வீட்டுக்கு நடந்து போய் உலையை வைத்தாள்.